கீரை கழுவின சிம்பல்

என் மனைவி பெமிலாவுக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ட்ரம்ஸ் வாசிக்கிறாள், அதுவும் மெட்டல் என்கிற ராக் இசைக்கு. இந்த மூன்றையும் சொல்லி முடித்ததும் தக்கலையில் யாராக இருந்தாலும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீ எப்பிடிடே இதுக்குச் சம்மதிச்சே?" நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவன். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். இது விளங்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

அவள் பூதப்பாண்டிக்காரி. பதினைந்து வயதில், கிறிஸ்துமஸ் கேரலுக்கு வீடு வீடாகப் போகிற சமயத்தில், ட்ரம் அடிக்கிற பையனுக்கு அம்மை போட்டுவிட்டதாம். யார் அடிப்பது என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் ஞாயிறு, எங்கள் கோயிலில் பாடகர் குழுவுக்குப் பின்னால் தூசி அடைந்து கிடந்த ட்ரம் செட்டில் போய் உட்கார்ந்தாள். பதினாறு வருஷம் எழும்பவில்லை. இரண்டு பிரசவத்துக்கு மட்டும் லீவு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஷிஜின் என்று ஒரு வங்கிக் குமாஸ்தா வந்து சேர்ந்தான். பகலில் கையெழுத்து சரிபார்க்கிற பயல், சாயங்காலம் அடிவயிற்றிலிருந்து உறுமிப் பாடுவான். கிதார் வாசிக்க இரண்டு பேர், ட்ரம்ஸுக்கு பெமிலா. என் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில்தான் ஒத்திகை. பாட்டெல்லாம் தமிழ்தான். அதில் ஒன்று பெமிலா எழுதியது. பூதப்பாண்டியில் அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த மலையைக் கல்குவாரிக்காரன் வெடிவைத்து உடைத்து லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனதைப் பற்றிய பாட்டு. பாட்டின் நடுவில் எல்லாரும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு அடியையும் ஒரு வெடியாகப் போட வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் பாட்டையே எழுதினேன் என்பாள்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி மேடையில் அவர்கள் வாசித்ததை யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, அது எங்கள் சபைச் செயலர் ரத்தினம் அண்ணனுடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. ரிட்டயர்டு தலைமையாசிரியர். இன்னும் மணி அடித்தால் எழுந்து நிற்கச் சொல்கிற ஆள். கறுப்பு பனியனில் பெமிலாவையும் உறுமுகிற ஷிஜினையும் பார்த்தவர், ஆராதனை முடிந்ததும் அவளை நிறுத்தினார்.

"கோயில்ல அடிக்கிற கையால அங்கயும் அடிக்கப்பிடாது. ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் எனக்க கைதான் அண்ணே" என்றாள் பெமிலா.

அடுத்த ஞாயிறு ட்ரம் செட்டைத் துணியால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இப்போது கீபோர்டுக்குள் இருக்கிற தாளம் தானாக ஓடுகிறது. பாட்டு முடிந்த பிறகும் ஓடுகிறது, நிறுத்தத் தெரியாமல் முழிக்கிறார்கள். பெமிலா கோயிலை விடவில்லை. வாராவாரம் போய் அந்தக் கயிற்றுக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டு வருவாள். வீட்டில் பழைய செட் ஒன்று வாங்கிப் போட்டோம்.

அந்தச் செட்டில் ஒரு குறை. சைனா இல்லை.

ட்ரம்ஸில் தகடு தகடாக நிற்பதற்குச் சிம்பல் என்று பேர். மற்றவை அடித்தால் நீளமாக ஒலித்து மெதுவாக அடங்கும். சைனா சிம்பல் அப்படியல்ல. அதன் விளிம்பு எதிர்ப்பக்கமாக மடங்கியிருக்கும், கவிழ்த்துப்போட்டுத்தான் மாட்டுவார்கள். அடித்தால் அடுக்களையில் பாத்திர அடுக்கு மொத்தமும் சரிந்தது போல ஒரு சத்தம், சரிந்த வேகத்தில் நின்றும்விடும். மலை உடைகிற இடத்துக்கு அதுதான் வேண்டும். நவம்பரில் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மேடை கிடைத்திருந்தது. சைனா இல்லாவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்றான் ஷிஜின். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் நானும் இல்லை என்று சொல்லிவிட்டாள் பெமிலா.

முதலில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினாள். பதினாறு அங்குலம். பெட்டியைப் பிரித்ததுமே பித்தளை என்று சொல்லிவிட்டேன், செம்போடு பிழைக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா. மூன்றே வாரத்தில் விளிம்பு பப்படம் மாதிரி சுருண்டுவிட்டது. "ஹைஹாட்டு பாட்டு முழுக்க அடிக்க சிம்பல், அத மலிவுல வாங்குனா எல்லாப் பாட்டும் நாசம். சைனா மலிவா இருக்கலாம், அது அழுக்கா கேட்டாப் போதும். ஆனா மடங்கப்பிடாது. அப்ப வெண்கலந்தான்" என்றாள். பிறகு ஒரு மெல்லிசைக் குழுவில் ஓரம் கிழிந்த இரண்டு சிம்பலைக் கேட்டு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் குரைத்தது. குரைத்தால் போதுமா, மலையல்லவா உடைய வேண்டும்.

கடைசியில் திருவனந்தபுரத்துக்கே போனோம். கடையில் பதினாறு, பதினெட்டு, இருபது அங்குலம் என்று மூன்றை மாட்டிக் கொடுத்தார்கள். மூன்றையும் அரைமணி நேரம் அடித்தாள். பதினாறு கடிக்கிறது, ஆனால் கிதார் ஏறினால் அமுங்கிப்போகும். இருபது அடங்க நேரமெடுக்கிறது, அடுத்த அடியைத் தின்றுவிடும். பதினெட்டுதான். விலையைக் கேட்டேன். எங்களால் முடிந்தது ஐயாயிரம், அந்த வருஷம் வேனுக்குப் பின் டயர் வேறு மாற்ற வேண்டியிருந்தது. அவன் சொன்னது அதைப்போல் மூன்று மடங்கு. பெமிலா சிம்பலைக் கழற்றி, கைரேகை போகத் துடைத்து, அவன் கையிலேயே கொடுத்தாள். களியக்காவிளை தாண்டும்வரை பஸ்ஸில் நான்தான் அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவன் என்ன செய்வான் பாவம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, செந்துளுவன் பழம், மரச்சீனிக் கிழங்கு, கைதச்சக்கை என்கிற அன்னாசி, சேவல், கிடா, எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலத்தில் விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு தேங்காய் ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவர் பெருமையாக அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படி ஒரே தேங்காயை இரண்டு பணக்காரர்கள் சாயங்காலம்வரை உருட்டிக்கொண்டிருந்ததால், திருப்பிக் கொடுத்தவர் அதே பொருளை மறுபடி கேட்கக் கூடாது என்று ஐந்து வருஷத்துக்கு முன் கமிட்டியில் ஒரு சட்டம் போட்டார்கள். போட்டவர் ரத்தினம் அண்ணன்.

காணிக்கை வரிசையில் நின்றுகொண்டிருந்த பெமிலா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது.

"இஞ்ச பாருங்க. ஜெபமணி அக்காவுக்க தட்டத்தப் பாருங்க."

எங்கள் தெருக்காரி ஜெபமணி அக்கா ஒரு பெரிய தட்டத்தில் கைதச்சக்கையும் மட்டிப்பழமும் குவித்து, கீழே பிரிமணை வைத்து ஆடாமல் நிறுத்தியிருந்தாள். வாய் அகன்ற தட்டம். விளிம்பு வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. நடுவில் இருந்த குழி பிரிமணைக்குள் இறங்கியிருந்தது. 

"இது ஏது அக்கா?" என்று கேட்டாள் பெமிலா, சாதாரணமாகக் கேட்பது போல.

"எனக்க மவன் சிஜோ துபாயில ஓட்டல்ல பாட்டுக்காரங்க கூட வேலைக்கு நிண்ணாம்லா, வரும்போ கொண்டாந்தான். இப்ப மூணு வருஷமா அவன் கனடாவுல. சும்மாதான கெடக்குன்னு எடுத்தேன். நடுவுல ஓட்டை இருக்கதுனால கீரை கழுவ நல்ல வசதி மக்கா, தண்ணி தானா வடியும். தட்டத்தோடயே படைச்சிட்டேன், ஆண்டவருக்குக் குடுக்கதுல என்ன கணக்கு."

மூன்று வருஷம் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். கம்பெனிப் பேர் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பித்தளைக்கு ஒரு மஞ்சள் இளிப்பு உண்டு, இதில் அது இல்லை. லேசாகச் சிவந்திருந்தது. வெண்கலம். என் சாணால் அளந்தேன், பதினெட்டு. பெமிலாவிடம் கண்ணால் சொன்னேன். அவள் அதற்குள் விரல் நகத்தை விளிம்பில் வைத்து நகர்த்த ஆரம்பித்திருந்தாள். பழைய சிம்பல் வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் நகம் தடுக்கும். பாதி வட்டம் வந்துவிட்டாள், தடுக்கவில்லை. மீதிப் பாதியில் பழம் சரிந்து கிடந்தது. அதை ஒதுக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏட்டி, காணிக்கையில கை வைக்காத."

ரத்தினம் அண்ணன். நான் பெமிலாவின் முழங்கையைத் தொட்டேன், வாயைத் திறக்காதே என்று. அவளுக்கு அது வருமா.

"விரிசல் உண்டுமான்னு பாக்கேன் அண்ணே. இது தட்டம் இல்ல, சிம்பல். ஒரு தட்டு தட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்."

அவர் தட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கோயில் முற்றத்துல அந்தச் சத்தம் கேக்கப்பிடாது."

"தேங்காய காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாக்கிய. தடியங்காயத் தட்டிப் பாக்கிய. சேவலத் தூக்கி எடை பாக்கிய. இத மட்டும் நான் கேக்காம எடுக்கணுமா?"

"அதெல்லாம் வீட்டுக்கு. இது ஒனக்க சாத்தான் பாட்டுக்கு."

  பதினாறு வருஷம் இவள் தாளத்தில்தானே உங்கள் கிறிஸ்துமஸ் நடந்தது என்று கத்த வாய் வந்தது. பெமிலா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன். "சரி அண்ணே, ஏலத்துல பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் மர நிழலில் போய் நின்றாள். பாதி விளிம்பு பார்த்தாயிற்று, பாதி பார்க்கவில்லை. சத்தம் கேட்கவே இல்லை. வேறு எவளாவது என்றால் வேண்டாம் என்று போயிருப்பாள்.

ஏலம் விடுகிறவன் ஸ்டெனி. வீட்டுமனை விற்கிறவன், தொண்டை அவனுக்கு முதலீடு. சேவலும் கிடாவும் போன பிறகு தட்டத்தைத் தூக்கினான். "ஜெபமணி அக்காவுக்க காணிக்கை. பழம், தட்டத்தோட. கேளுங்க."

"ஐநூறு" என்றாள் பெமிலா.

"ஆயிரம்" என்றார் ரத்தினம் அண்ணன்.

முற்றத்தில் இரண்டே குரல்தான். அவள் ஆயிரத்து ஐநூறு என்றால் அவர் இரண்டாயிரம் என்றார். அவருக்கு அந்தப் பழமும் வேண்டாம், தட்டமும் வேண்டாம். அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அது ஒன்றுதான் வேண்டும். நாலாயிரம் அவருடையது. பெமிலா ஒரேயடியாகத் தாவி "ஐயாயிரம்" என்றாள். "ஐயாயிரத்து ஐநூறு" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நான் அவள் காதருகில், டயர் கிடக்கட்டும், கேளு என்றேன். தலையாட்டி மறுத்தாள். வேனில் பிள்ளைகள் வருகிறார்கள் என்றாள். ஸ்டெனி ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் சொன்னான். முடிந்தது.  திருவனந்தபுரம் போயிற்று, அந்தப் பாட்டும் போயிற்று.

கைதட்டல் நடுவே ஸ்டெனி மைக்கை நீட்டினான். "அண்ணன் என்ன செய்யப் போறிய?"

ரத்தினம் அண்ணன் கை கூப்பினார். "இத நான் கோயிலுக்கே குடுக்கேன். கோயில் ஸ்டோர் ரூம்ல கெடக்கட்டும்." கடைசி வாக்கியத்தை பெமிலாவைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்டெனி தட்டத்தைக் கீழே வைக்கவே இல்லை. "அண்ணன் கோயிலுக்கே திருப்பிக் குடுத்தாச்சு. அப்ப மறு ஏலம். கேளுங்க."

"எடே, இது ஏலத்துக்கு இல்ல. உள்ள வைக்கத்தான் சொன்னேன்."

"திருப்பிக் குடுத்தா மறு ஏலம், அதான அண்ணே முறை. குடுத்தவிய கேக்கப்பிடாது. நீங்க போட்ட சட்டம்லா." ஸ்டெனி இதை மரியாதையாகத்தான் சொன்னான். அதனால்தான் இன்னும் வலித்திருக்கும். அண்ணன் கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார், யாராவது தனக்காகக் கேட்பார்கள் என்று. ஒருவர் கையைப் பாதி தூக்கினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அந்த அம்மாவின் இரண்டு பேரப்பிள்ளைகள் பெமிலாவின் வேனில்தான் போகிறார்கள்.

ஐநூறு சொன்னால் போதும். முற்றத்தில் வேறு யாரும் வாய் திறக்கப் போவதில்லை. நான் ஐநூறு, ஐநூறு என்று முணுமுணுத்தேன்.

"ஐயாயிரம்" என்றாள் பெமிலா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த ஞாயிறு யாரும் ஓசியில் எடுத்தாள் என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. ஸ்டெனி மூன்று தரமும் அவசரமாகச் சொல்லி முடித்தான்.

பெமிலா போய்த் தட்டத்தை வாங்கினாள். பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். "பழம் அண்ணனுக்கு இருக்கட்டும்" என்றாள். முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். பார்க்காமல் விட்ட பாதி விளிம்பில் நகத்தை வைத்து நகர்த்தினாள், முற்றம் முழுவதும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம், "டெஸ்டர எடுங்க" என்றாள். என் சட்டைப்பையில் எப்போதும் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்டர் இருக்கும். பிடி தடிமன், கம்பி மெலிசு. பிடியைக் கையில் நிமிர்த்திப் பிடித்து, கம்பியை நடு ஓட்டையில் விட்டுச் சிம்பலைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அவள் வேனுக்குப் போய் ட்ரம்ஸ் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச வேண்டாம். வீட்டுல போய் அடி" என்றார் ரத்தினம் அண்ணன்.

"இப்ப இது எனக்குள்ளது அண்ணே" என்றாள். தோள்பட்டையிலிருந்து கையை இறக்கினாள்.

நான் எத்தனையோ மோட்டார் வெடித்துப் பார்த்தவன். என் கை முழங்கைவரை அதிர்ந்தது. முற்றத்தில் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. விரிசல் இருந்தால் சத்தத்தின் வாலில் ஒரு நடுக்கம் வரும். வரவில்லை. படாரென்று திறந்தது, அழுக்காகச் சிதறியது, கோயில் சுவரில் மோதியது, நின்றது. கடையில் பதினைந்தாயிரம் சொன்ன சாமானைவிட இது நன்றாக இருந்தது, ஆணையாகச் சொல்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல என்ன வெட்கம்.

"ஏட்டி, இதுலயா நான் கீரை கழுவுனேன்" என்றாள் ஜெபமணி அக்கா.

ஒருவரும் சிரிக்கவில்லை. ரத்தினம் அண்ணன் ஸ்டெனியின் கையிலிருந்த மைக்கை வாங்கி, பள்ளிக்கூடத்தில் பேசுகிற அதே குரலில், "போதும் பெமிலா" என்றார்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"போதாதுண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடித்தாள்.